தூங்குகிற பிள்ளையை எழுப்பலாம்

"சித்தி, ரெண்டு மணி நேரத்துக்கு மேல பிள்ளைய கார் சீட்ல வைக்கக் கூடாதாம்ல? அப்ப நாங்க பெங்களூருக்கு எப்படிப் போறது?"

அக்கா மகள் கேட்டாள். பேறுகாலத்துக்குச் சிவகாசிக்கு வந்தவள். பிள்ளைக்கு மூன்றாம் மாதம் முடியப்போகிறது, கொண்டுபோய் விட வேண்டிய நேரம். மாப்பிள்ளை காரில் வருகிறார், புதிதாக வாங்கிய கார் சீட்டோடு. அவள் கேட்டு முடிப்பதற்குள் அக்கா முந்திக்கொண்டாள். "அதான் அவங்களே ஆகாதுன்னு சொல்லுறாங்கள்ல. பச்சப்பிள்ளைய எதுக்கு பெல்ட்டுப் போட்டுக் கட்டணும்? நான் மடியில வச்சுக்கிட்டு வாரேன்."

இந்த இரண்டு பேச்சும் இப்போது எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் கேட்கிறது. இளம் தாய்மார்களின் ஃபோனுக்கு 'இரண்டு மணி நேரம்' என்ற கணக்கு வந்து சேர்ந்துவிட்டது. அது எங்கிருந்து வந்தது, எதற்காகச் சொன்னார்கள் என்பது சேர்ந்து வரவில்லை. பெரியவர்கள் அந்தக் கணக்கையே எடுத்து, மடிதான் நல்லது என்பதற்குச் சாட்சியாக வைத்துவிடுகிறார்கள். காரை நிறுத்து என்று சொல்ல வந்த கணக்கு, சீட்டே வேண்டாம் என்பதற்குத் துணையாகிப் போகிறது. இது என்னை உறுத்திக்கொண்டே இருந்ததால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கைக்குழந்தையை ஒரே மூச்சில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் கார் சீட்டில் வைத்திருக்க வேண்டாம். பிறந்து நான்கு வாரம் ஆகாத சிசுவும், குறைமாதத்தில் பிறந்த பிள்ளையும் என்றால் அரை மணி நேரம். பிரிட்டனில் குழந்தைகளின் திடீர் மரணத்தைத் தடுக்க வேலை செய்யும் லல்லபி டிரஸ்ட் என்ற அமைப்பு பெற்றோருக்குச் சொல்லும் கணக்கு இது. ஒரு மணி ஐம்பத்தொன்பது நிமிடம் வரை ஆபத்தில்லை, இரண்டு மணி அடித்ததும் ஆபத்து என்று இதற்குப் பொருள் இல்லை. நேரம் கூடக் கூடக் கவலையும் கூடும். எங்கேயாவது ஒரு கோடு போட்டால்தான் பயணம் போகிறவர்களுக்குப் பயன்படும் என்பதால் போட்ட கோடு.

ஏன் என்று தெரிந்தால்தான் மனதில் நிற்கும். பிறந்த பிள்ளையின் தலை, உடல் நீளத்தில் ஏறக்குறைய கால் பங்கு. அவ்வளவு பெரிய தலையைத் தாங்க வேண்டிய கழுத்து இன்னும் நிற்கவில்லை. மூச்சுக்குழாயின் விட்டம் நான்கைந்து மில்லிமீட்டர்தான், சுவரும் மெத்தென்று இருக்கும். பிள்ளையை மல்லாக்கப் படுக்க வைத்தால் இதில் எதுவும் தொந்தரவு இல்லை. பாதி உட்கார்ந்த நிலையில் வைத்தால், தூக்கத்தில் தலை முன்னால் சாய்ந்து மோவாய் நெஞ்சில் முட்டும். இளநீர் குடிக்கிற ஸ்ட்ரா மடிந்துபோனால் எப்படி இருக்குமோ அப்படிக் காற்று போகிற வழி குறுகிவிடும். நமக்கு அப்படி நேர்ந்தால் தூக்கத்திலேயே தலையை நிமிர்த்திக்கொள்வோம். பிள்ளையால் அது முடியாது. இதில் எனக்கு அதிகப் பயம் தருவது, அந்த நேரத்தில் சத்தமே வராது என்பதுதான். பசித்தால் அழும், நனைந்தால் அழும். மூச்சு மெல்லக் குறையும்போது அழுவதற்கே மூச்சு வேண்டுமே.

அப்படியானால் சீட்டைப் படுக்கை மாதிரியே செய்திருக்கலாமே என்று அக்கா கேட்டாள். நியாயமான கேள்வி. கார் மோதும்போது பிள்ளையின் முதுகு, கழுத்து, தலை மூன்றும் ஒரே நேரத்தில் தாங்கப்பட வேண்டும். அதற்குத்தான் பின்பக்கம் பார்த்து, சாய்வாக, ஓடு போன்ற வடிவத்தில் செய்கிறார்கள். செங்குத்தாக நிமிர்த்தினால் மூச்சுக்கு ஆகாது, ரொம்பவும் படுக்க வைத்தால் மோதலுக்கு ஆகாது. இரண்டுக்கும் நடுவில் ஒரு சமாதானம் அந்தச் சாய்வு. காருக்குள் முறையாகப் பொருத்தினால்தான் அந்தச் சாய்வு சரியாக அமையும். சரியாக வந்திருக்கிறதா என்று பார்க்கப் பல சீட்டுகளில் பக்கவாட்டில் ஒரு கோடோ குமிழோ இருக்கும். வெளியே தூக்கி வந்து தரையிலோ கட்டிலிலோ வைத்தால் அந்தச் சாய்வு அப்படியே இருக்கும் என்று நம்ப முடியாது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே இதற்குத் திரும்ப வருவேன்.

2016-ல் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தினர் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். டாக்டர் ரேணு ஆர்யாவும் பேராசிரியர் பீட்டர் ஃபிளெமிங்கும் அந்தக் குழுவில் இருந்தார்கள். ஃபிளெமிங் சாதாரண ஆள் இல்லை. பிள்ளைகளை மல்லாக்கப் படுக்க வையுங்கள் என்று 1991-ல் பிரிட்டன் முழுவதும் நடந்த பிரசாரத்துக்கு அடித்தளம் போட்ட ஆய்வுகள் அவருடையவை. இந்தச் சோதனையில் 19 பிள்ளைகள். நிறைமாதத்தில் பிறந்தவர்களும் உண்டு, குறைமாதத்தில் பிறந்தவர்களும் உண்டு. காரின் அதிர்வை உண்டாக்கும் ஒரு கருவியில் சீட்டைப் பொருத்தி, 40 டிகிரி சாய்வில், மணிக்கு ஏறக்குறைய 48 கிலோமீட்டர் வேகத்தில் கார் ஓடினால் எப்படி இருக்குமோ அப்படி ஆட்டினார்கள். மல்லாந்து படுத்திருந்ததோடு ஒப்பிட்டால், இதயத் துடிப்பும் மூச்சு வேகமும் கூடியிருந்தன, இரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்திருந்தது.

19 என்பது சின்ன எண்ணிக்கை, இதை வைத்துக் கடைசி வார்த்தை சொல்ல முடியாது. ஆய்வுக்குப் பணம் கொடுத்த லல்லபி டிரஸ்டும் சரி, ஆய்வு செய்தவர்களும் சரி, கார் சீட்டைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லவில்லை. காரில் பயணம் செய்யும்போது சீட் கட்டாயம் வேண்டும், சின்னஞ்சிறு பிள்ளைகளுக்கு நீண்ட பயணத்தைத் தவிருங்கள், பின்சீட்டில் பக்கத்தில் ஒரு பெரியவர் உட்கார்ந்து பார்த்துக்கொள்ளுங்கள் என்றுதான் சொன்னார்கள்.

எனக்கு இதைவிட முக்கியமாகப் படுவது 2019-ல் அமெரிக்காவின் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த இன்னொரு ஆய்வு. 2004 முதல் 2014 வரை தூக்கத்தில் இறந்த 11,779 கைக்குழந்தைகளின் விவரங்களை எடுத்துப் பார்த்தார்கள். அவர்களில் 348 பேர் உட்கார வைக்கும் சாதனங்களில் இறந்தவர்கள். அந்த 348-ல் சுமார் 63 விழுக்காடு கார் சீட்டில். இதைக் கேட்டதும் யாருக்கும் வயிறு கலங்கும். ஆனால் அடுத்த விவரத்தையும் கேட்க வேண்டும். கார் சீட்டை எதற்காகச் செய்தார்களோ அதற்காகப் பயன்படுத்தியபோது நேர்ந்தவை அவற்றில் பத்து விழுக்காட்டுக்கும் குறைவு. உட்கார வைக்கும் சாதனங்களில் நேர்ந்த இறப்புகளில் பாதிக்கு மேல் வீட்டில் நடந்திருக்கின்றன. கார் நின்றுவிட்டது, பயணம் முடிந்துவிட்டது, பிள்ளை தூங்குகிறது, எழுப்ப வேண்டாம் என்று சீட்டோடு தூக்கிவந்து கூடத்தில் வைத்துவிட்டார்கள். சில நேரம் பெல்ட்டைப் பாதி தளர்த்தி, சில நேரம் முழுதாகக் கழற்றி. பெல்ட் இல்லாவிட்டால் பிள்ளை கீழே சரியும். தளர்ந்து தொங்கும் பட்டை கழுத்துக்கு வரும்.

எங்கள் ஊரில் இதைப் பற்றிப் பேசும்போது ஒரு பெரிய தடை உண்டு. "தூங்குற பிள்ளைய எழுப்பாத" என்பது நாங்கள் எல்லோரும் கேட்டு வளர்ந்த கட்டளை. எங்கள் அம்மா அதைச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார், நானும் என் பிள்ளைகளை அப்படித்தான் வளர்த்தேன். தரையில் பாயிலோ தொட்டிலிலோ தூங்குகிற பிள்ளைக்கு அந்தக் கட்டளை சரிதான். கார் சீட் அந்தக் காலத்தில் இல்லை, அதனால் அந்தக் கட்டளையில் அதற்கு இடமும் இல்லை. காரை விட்டு இறங்கியதும் பிள்ளையைச் சீட்டிலிருந்து எடுக்க வேண்டும், எழுந்தாலும் பரவாயில்லை, அழுதாலும் பரவாயில்லை. அப்புறம் மல்லாக்கப் படுக்க வைத்துத் தட்டிக்கொடுத்தால் திரும்பத் தூங்கிவிடும். தூக்கம் கலைந்த பிள்ளையைச் சமாளிக்க அரை மணி நேரம் ஆகும் என்பது எனக்கும் தெரியும். அந்த அரை மணி நேரத்தைச் செலவழிக்கலாம்.

இப்போது மடிக்கு வருகிறேன், அக்கா கோபித்துக்கொண்டாலும் சரி. நாற்கரச் சாலையில் 90, 100 என்று போகிறார்கள். அதை விடுங்கள், வெறும் 50 கிலோமீட்டர் வேகத்தை எடுத்துக்கொள்வோம். கார் எதிலாவது மோதிப் பத்தில் ஒரு நொடியில் நின்றுவிட்டது. அந்தக் கணத்தில் 5 கிலோ பிள்ளையைப் பிடித்து வைக்க, ஏறக்குறைய 70 கிலோ எடையைத் தூக்கும் பலம் கையில் வேண்டும். அதுவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். எவ்வளவு பாசம் இருந்தாலும் எந்தப் பாட்டியின் கையிலும் அந்தப் பலம் இல்லை. பெல்ட் போடாத பாட்டி என்றால் அவர் எடையும் பிள்ளை மேல்தான் விழும். பெல்ட்டைப் பிள்ளைக்கும் சேர்த்துப் போட்டுக்கொள்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது இன்னும் மோசம், பெரியவரின் உடலுக்கும் பெல்ட்டுக்கும் நடுவில் பிள்ளை நசுங்கும்.

முன்சீட் பழக்கம் ஒன்று இருக்கிறது. பிள்ளை பெற்றவளை மரியாதையாக முன்னால் உட்கார வைத்து, மடியில் பிள்ளையைக் கொடுப்பது. நம் நாட்டில் 2021 முதல் முன்சீட் பயணிக்கும் ஏர்பேக் கட்டாயமாகியிருக்கிறது. பெரியவரைக் காப்பாற்ற வெடித்து விரியும் பை அது. மடியில் இருக்கும் பிள்ளையின் தலையில் அது அடித்தால் என்ன ஆகும் என்று நான் எழுத வேண்டியதில்லை. பின்பக்கம் பார்த்த கார் சீட்டையும் ஏர்பேக் உள்ள முன்சீட்டில் வைக்கவே கூடாது. பிள்ளைக்குப் பின்சீட்தான் இடம்.

சட்டமும் இருக்கிறது. 2019-ல் மோட்டார் வாகனச் சட்டத்தைத் திருத்தியபோது 194பி என்ற பிரிவைச் சேர்த்தார்கள். பதினான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை சீட் பெல்ட்டோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இல்லாமல் காரில் ஏற்றினால் 1,000 ரூபாய் அபராதம். இதற்காக வண்டியை நிறுத்திக் கேட்டார்கள் என்று எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. கேட்கட்டும் என்று காத்திருக்கவும் வேண்டாம். 2022-ல் தமிழ்நாட்டில் மட்டும் 64,105 சாலை விபத்துகள், 17,884 உயிர்கள். முறையாகப் பயன்படுத்தினால் கைக்குழந்தை இறப்பைச் சுமார் எழுபது விழுக்காடு குறைக்கலாம் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஒரு பொருளை, மூச்சுத் திணறும் என்ற பயத்தால் ஒதுக்கினால் சின்ன ஆபத்தைத் தவிர்த்துப் பெரிய ஆபத்தை மடியில் வைத்துக்கொண்டதாக ஆகும்.

சரி, பெங்களூருக்கு எப்படிப் போவது? சிவகாசியிலிருந்து விருதுநகர் போய் ஏறினால் பெங்களூர் வரை ஒரே சாலை, என்.எச். 44. மொத்தம் ஐந்நூறு கிலோமீட்டருக்குப் பக்கம். நானும் மாப்பிள்ளையும் ஃபோனில் உட்கார்ந்து இடம் குறித்தோம். மதுரையைத் தாண்டி வாடிப்பட்டியில் ஒரு நிறுத்தம், அடுத்து கரூர், அடுத்து சேலம், அப்புறம் கிருஷ்ணகிரி. சென்னைக்குப் போகிறவர்கள் கேட்டால் மேலூர், திருச்சி, உளுந்தூர்பேட்டை, திண்டிவனம் என்று சொல்வேன். ஒவ்வொரு இடத்திலும் பிள்ளையை முழுதாகச் சீட்டிலிருந்து வெளியே எடுப்பது, பால் கொடுப்பது, துணி மாற்றுவது, விரிப்பில் மல்லாக்கப் போட்டுக் கையையும் காலையும் உதற விடுவது. அரை மணி நேரமாவது. டீ குடிக்கிற நேரம் மட்டும் நின்றுவிட்டு பிள்ளையைத் தொடாமல் கிளம்பினால் அதை நிறுத்தம் என்று கணக்கில் வைக்க முடியாது. ஓடுகிற காரில் பால் கொடுக்கவே கூடாது, பிள்ளை எவ்வளவு அழுதாலும் காரை ஓரம் கட்டிவிட்டுத்தான். ஒன்பது மணி நேரப் பயணம் இதனால் பன்னிரண்டு மணி ஆகும். ஒரு இரவு சேலத்தில் சொந்தக்காரர் வீட்டில் தங்கிப் போனால் இன்னும் நல்லது என்றேன். அவர்களுக்கு அது பிடித்திருந்தது.

நிறுத்துவதற்கு நல்ல இடம் கிடைப்பதுதான் சிரமம். 2015 ஆகஸ்டில் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் தாய்மார் பாலூட்டும் அறைகளைத் திறந்தது. நல்ல காரியம். நாற்கரச் சாலைப் பயணியோ ஊருக்குள் இருக்கும் பேருந்து நிலையத்துக்குப் போவதில்லை. ஓட்டல்களில் வண்டி நிறுத்த இடமிருக்கும், கழிப்பறை இருக்கும், ஒரு பிள்ளையைப் படுக்க வைக்க நிழலில் ஒரு சுத்தமான பெஞ்ச் இருக்காது. காருக்குள்ளேயே பின்சீட்டில் துணி விரித்துப் படுக்க வைக்கலாம், கார் நிற்கும்போது மட்டும், கையை எடுக்காமல்.

அக்காவுக்கும் ஒரு வேலை கொடுத்தேன், அதுதான் இந்தப் பயணத்திலேயே முக்கியமான வேலை. பின்சீட்டில் பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார வேண்டும். பெல்ட் போட்டுக்கொண்டு. மோவாய் நெஞ்சில் படுகிறதா, இரண்டு விரல் போகிற இடைவெளியாவது இருக்கிறதா, உதட்டு நிறம் சரியாக இருக்கிறதா, மூச்சில் கரகரவென்று சத்தம் வருகிறதா என்று பார்த்துக்கொண்டே வர வேண்டும். சந்தேகம் வந்தால் நிறுத்தச் சொல்லிப் பிள்ளையை எடுத்துவிட வேண்டும். நிறம் மாறியிருந்தாலோ துவண்டிருந்தாலோ உடனே 108. பெற்று வளர்த்த கண்ணுக்கு இது சீக்கிரம் பிடிபடும். மடியில் வைப்பதைவிடப் பெரிய பொறுப்பு இது என்று சொன்னதும் அக்கா கொஞ்சம் இறங்கி வந்தாள்.

பொருத்துவதில் கவனிக்க வேண்டியவையும் இருக்கின்றன. தலை ஆடுகிறது என்று தலைக்குப் பின்னால் சின்னத் தலையணை வைப்பார்கள். அது தலையை முன்னால் தள்ளி, எதைத் தடுக்க நினைத்தோமோ அதையே உண்டாக்கும். சீட்டோடு கம்பெனி கொடுத்தது தவிர வேறு எதையும் உள்ளே வைக்க வேண்டாம். துண்டில் சுற்றிய பிள்ளையை அப்படியே வைத்துப் பெல்ட் போட்டால் பட்டை இறுகாது. முதலில் பட்டை, அதற்கு மேல் துண்டு. பட்டைத் துணியை விரலால் கிள்ளிப் பார்த்தால் பிடிக்கு வரக் கூடாது, அவ்வளவு இறுக்கம். ஏசி காற்று ஆகாது என்று கம்பளிக் குல்லாயும் சாக்ஸும் போட்டுச் சூடாக்குவதும் வேண்டாம். பிள்ளைக்கு அதிக வெப்பமும் மூச்சுக்கு ஆகாத ஒன்றுதான். ஒரு வயது ஆனதும் முன்பக்கம் பார்த்துத் திருப்பிவிடுகிறார்கள். ஐரோப்பாவின் புதிய விதி பதினைந்து மாதம் வரையாவது பின்பக்கம் பார்த்தே இருக்கட்டும் என்கிறது, அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் சீட்டின் அளவு அனுமதிக்கும் வரை என்கிறது. கால் மடங்கி இருக்கிறதே என்று கவலைப்பட வேண்டாம், கழுத்துதான் முக்கியம்.

தீபாவளிக்கு முந்தைய இரண்டு மாதம் எங்கள் ஊர்ச் சாலைகளில் பட்டாசு வாங்க வெளியூர் கார்கள் வரிசையாக வரும். சென்னை, கோவை, பெங்களூர் வண்டிகள். விருதுநகரிலிருந்து சிவகாசி வரும் சாலையிலும், சாத்தூர் சாலையிலும் கடைக்குக் கடை கார்கள் நிற்கும். குடும்பத்தோடு வருகிறார்கள், கைக்குழந்தையோடும் வருகிறார்கள். ஐந்தாறு மணி நேரம் சீட்டில் வந்த பிள்ளையைச் சீட்டோடு கழற்றிக் கடைக்குள் பெட்டிகளுக்குப் பக்கத்தில் தரையில் வைத்துவிட்டு விலை பேசுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். சீட் வாங்கும் அளவுக்குப் பிள்ளை மேல் அக்கறை உள்ளவர்கள்தான், அதனால்தான் எனக்கு மனசு கேட்காது. பிள்ளையைக் கையில் எடுங்கள் என்று போய்ச் சொல்லிவிடுவேன். யாரும் தப்பாக எடுத்துக்கொண்டதில்லை.

ஏசியைப் போட்டுவிட்டுப் பிள்ளையைக் காரிலேயே விட்டுவிட்டு இறங்குவது அதைவிட மோசம். இன்ஜின் நின்றால் ஏசியும் நிற்கும். 2005-ல் பீடியாட்ரிக்ஸ் இதழில் வந்த ஒரு ஆய்வு, வெயிலில் மூடி நிறுத்திய காரின் உள்ளே ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியதையும், அதில் எண்பது விழுக்காடு முதல் அரை மணி நேரத்திலேயே கூடிவிட்டதையும் அளந்தது. கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைத்ததில் பெரிய வித்தியாசம் இல்லை. அவர்கள் அளந்தது வெளியே 22 முதல் 36 டிகிரி வரை இருந்த நாட்களில். எங்கள் மாவட்டத்துக் கோடையில் 36 என்பது காலை வெயில். ஐந்து நிமிடத்தில் வந்துவிடுவேன் என்று யாரும் இறங்காதீர்கள்.

வாங்கிய பட்டாசைப் பிள்ளை இருக்கும் காரிலேயே, சீட்டுக்குப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டு போகிறவர்கள் உண்டு. இந்த ஊரில் பிறந்து வளர்ந்தவள், பயர் ஆபீஸ் என்று நாங்கள் சொல்லும் பட்டாசு ஆலையில் வேலை பார்த்தவர்களின் வீட்டுப் பெண் என்ற உரிமையில் கெஞ்சிக் கேட்கிறேன், அதைச் செய்யாதீர்கள். கடையில் சொன்னால் லாரி பார்சலில் போட்டுவிடுவார்கள். நெரிசலில் நாலு நாள் தாமதமானாலும் பரவாயில்லை.

இவ்வளவும் கார் வைத்திருப்பவர்களுக்கான பேச்சு. எங்கள் மாவட்டத்தில் பெரும்பாலான பிள்ளைகள் காரில் போவதில்லை. தீப்பெட்டி ஆபீஸுக்கும் பயர் ஆபீஸுக்கும் போகிற பெண்களின் பிள்ளைகள் டவுன் பஸ்ஸிலும் ஷேர் ஆட்டோவிலும் பைக்கிலும்தான் போகின்றன. மூச்சு விஷயம் அங்கேயும் அதேதான். முந்தானையால் முகத்தை மூடி, நெஞ்சோடு அமுக்கிப் பிடித்திருக்கும்போது பிள்ளையின் மோவாய் மடங்கியிருக்கலாம், மூக்கு துணியில் அழுந்தியிருக்கலாம். முகம் எப்போதும் கண்ணுக்குத் தெரிய வேண்டும், மோவாய் நிமிர்ந்திருக்க வேண்டும். தூசிக்கும் காற்றுக்கும் பயந்து மூடுவதற்குப் பதில், கூட்டமில்லாத பஸ்ஸில் காற்று அதிகம் அடிக்காத இடத்தில் உட்காரலாம். பைக்கில் கணவனுக்கும் மனைவிக்கும் நடுவில் கைக்குழந்தையை வைத்துக்கொண்டு போவதை மட்டும் என்னால் எந்த வகையிலும் ஆதரிக்க முடியவில்லை. நான்கு வயதுக்குட்பட்ட பிள்ளையை பைக்கில் ஏற்றினால் உடலோடு கட்டும் பட்டை வேண்டும், வேகம் நாற்பதைத் தாண்டக் கூடாது, ஒன்பது மாதத்துக்கு மேற்பட்ட பிள்ளைக்கு ஹெல்மெட் வேண்டும் என்று 2022 பிப்ரவரியில் மத்திய அரசு விதி போட்டு, மறு வருடம் அது நடைமுறைக்கும் வந்துவிட்டது. கழுத்து நிற்காத பிள்ளைக்கு எந்தப் பட்டை கட்டியும் பைக் பயணம் சரிப்படாது. இருக்கிற வழியில் பஸ்தான் மேல்.

கடைசியாக, பிள்ளையின் முதல் பயணம், ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு. விருதுநகரில் அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறக்கப்பட்டது. ஆனாலும் சிக்கலான பேறுகாலத்துக்கு மதுரைக்குப் போகிறவர்கள் இருக்கிறார்கள். மதுரையிலிருந்து சிவகாசிக்குச் சுமார் எழுபது கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரம். அரை மணி நேரக் கணக்குக்குள் அது அடங்காது. பிறந்து சில நாளே ஆன பிள்ளையோடு இந்தப் பயணத்தைச் செய்தே ஆக வேண்டும் என்றால், திருமங்கலத்தில் ஒருமுறை, விருதுநகரில் ஒருமுறை நிறுத்திப் பிள்ளையை எடுத்துப் படுக்க வைத்துவிட்டுத்தான் தொடர வேண்டும். மதுரையில் சொந்தம் இருந்தால் சில நாள் அங்கேயே இருந்துவிட்டு வரலாம்.

குறைமாதப் பிள்ளை என்றால் இன்னும் ஒரு படி கவனம். அமெரிக்காவில் பல ஆஸ்பத்திரிகளில் 37 வாரத்துக்கு முன் பிறந்த பிள்ளையை வீட்டுக்கு அனுப்பும் முன், அதன் சொந்தக் கார் சீட்டில் தொண்ணூறு முதல் நூற்றிருபது நிமிடம் உட்கார வைத்து, இதயத் துடிப்பையும் ஆக்சிஜனையும் மானிட்டரில் பார்ப்பார்கள். தேறாவிட்டால் படுத்தபடியே போகும் இருக்கைக்கு ஏற்பாடு செய்வார்கள். இங்கே அந்தப் பழக்கம் இல்லையென்றாலும், பச்சிளங்குழந்தைப் பிரிவில் மானிட்டர் இருக்கிறது, கேட்டால் பார்த்துச் சொல்லக்கூடிய டாக்டர் இருக்கிறார். டிஸ்சார்ஜுக்கு முதல் நாளே சீட்டைக் கொண்டுபோய்க் காட்டி, "இதில் உட்கார வைத்து ஒருமுறை பார்க்க முடியுமா?" என்று கேளுங்கள். கேட்பதில் தயக்கம் வேண்டாம்.

அரசு ஆஸ்பத்திரியில் பிள்ளை பெறுகிறவர்களுக்கு 2011 முதல் வீட்டில் கொண்டுவந்து விடும் இலவச வண்டி உண்டு, 102-க்குக் கூப்பிட்டால் வரும். 2015 முதல் பிள்ளைக்குத் துண்டு, சட்டை, மெத்தை, கொசுவலை என்று ஒரு பெட்டகமும் கொடுத்து அனுப்பினார்கள். இவ்வளவு செய்கிற இடத்தில் இன்னும் ஒன்று சேர வேண்டும் என்பது என் ஆசை. தடுப்பூசி அட்டையைக் கையில் கொடுக்கும்போதே நர்ஸம்மா கேட்கட்டும்: "பிள்ளைய எதுல கூட்டிட்டுப் போறீங்க, எவ்வளவு தூரம், யாரு பக்கத்துல உக்காருவாங்க?" பதிலைக் கேட்டுவிட்டு, பிள்ளையின் மோவாயை ஒரு விரலால் நிமிர்த்தி, இப்படி இருக்கணும் என்று பாட்டிக்குக் காட்டி அனுப்பட்டும். இதற்குத் தனியாகப் பணம் ஒதுக்கவும் வேண்டாம், அரசாணைக்குக் காத்திருக்கவும் வேண்டாம். எங்கள் மாவட்டத்தில் பிரசவ வார்டுகளில் வேலை பார்க்கும் சகோதரிகள் யாராவது இதைப் படித்தால், வருகிற வாரம் டிஸ்சார்ஜ் ஆகிற தாயிடமிருந்தே ஆரம்பியுங்கள்.